ஸ்பெயினில் இரண்டு ரயிலுக்கு நடுவே ஓர் ஊர்: சில மணி நேரத்தைத் திட்டமிடும் முறை

மாட்ரிட்டிலிருந்து செவியாவுக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். வழியில் கோர்தோபாவில் வண்டி ஓரிரு நிமிடம் நிற்கும். 8-ஆம் நூற்றாண்டில் எழும்பத் தொடங்கிய பெரும் பள்ளிவாசலின் சிவப்பும் வெள்ளையுமான வளைவுகள் அந்த நிலையத்திலிருந்து அரை மணி நடையில் இருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலோர் உட்கார்ந்த இடத்திலேயே ஊரைக் கடந்து போய்விடுகிறார்கள். காலை ரயிலில் வந்து இறங்கி மதிய ரயிலில் ஏறினால், விடுதிச் செலவே இல்லாமல் ஒரு பெரிய ஊரைப் பார்த்துவிடலாம். ஸ்பெயினின் ரயில் பாதைகள் இதற்கு மிகவும் தோதானவை. திட்டம்தான் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும்.

கைக்கு வரும் நேரம் எவ்வளவு?

முதல் ரயில் 10 மணிக்கு வருகிறது, அடுத்தது 14 மணிக்குப் புறப்படுகிறது. நான்கு மணி நேரம் இருக்கிறது என்று நினைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அந்த நான்கு மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். நடைமேடையிலிருந்து வெளியே வர 10 நிமிடம். பெட்டியைப் பாதுகாப்பறையில் வைக்க 15. ஊருக்குள் போக 25, திரும்பி வர 25. பெட்டியை எடுக்க 10. பாதுகாப்புச் சோதனைக்கும் நடைமேடை அறிவிப்புக்குமாக, புறப்படும் நேரத்துக்கு 30 நிமிடம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். கூட்டினால் 115 நிமிடம். நான்கு மணி நேர இடைவெளியில் ஊருக்கென்று மிஞ்சுவது இரண்டே மணி நேரம்.

இதிலிருந்து ஒரு கணக்குப் பிடிபடும். மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி என்றால், நிலையமே ஊரின் நடுவில் இருந்தாலொழிய வெளியே போகாமல் இருப்பது நல்லது. நாலரை முதல் ஐந்தரை மணி நேரம்தான் சரியான அளவு. ஒரு பெரிய இடத்தை நிதானமாகப் பார்க்கலாம், பழைய தெருக்களில் நடக்கலாம், ஏதாவது சாப்பிடலாம். ஏழு மணி நேரத்தைத் தாண்டினால் களைப்புதான் மிஞ்சும். அதற்கு ஓர் இரவு தங்கிவிடலாம்.

முதல் ரயில் தாமதமானால் அந்த அரை மணி எங்கிருந்து வரும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அது ஊர் பார்க்கும் நேரத்திலிருந்துதான் வர வேண்டும், கடைசி 30 நிமிடத்திலிருந்து வரக் கூடாது. ஆகவே, பார்க்க நினைக்கும் இடங்களை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி, கடைசியில் இருப்பதை வெட்டத் தயாராக இருங்கள்.

ஒரே டிக்கெட்டில் நடுவில் இறங்க முடியாது

ஸ்பெயினின் அதிவேக, நெடுந்தூர ரயில்களில் டிக்கெட் என்பது குறிப்பிட்ட வண்டிக்கும் குறிப்பிட்ட இருக்கைக்கும் உரியது. மாட்ரிட்–செவியா டிக்கெட்டை வைத்துக்கொண்டு கோர்தோபாவில் இறங்கி, அடுத்த வண்டியில் ஏற முடியாது. மாட்ரிட்–கோர்தோபா, கோர்தோபா–செவியா என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.

தனித்தனியாக எடுப்பதில் ஓர் ஆதாயம் உண்டு. ஸ்பெயின் அரசு நிறுவனமான ரென்ஃபே, அதனுடன் போட்டியிடும் இர்யோ, விகோ ஆகிய மூன்றும் முக்கியப் பாதைகளில் ஓடுகின்றன. காலையில் ஒருவருடைய வண்டி, மதியம் இன்னொருவருடையது என்று கலந்து எடுக்கலாம். ஆனால் பெட்டி விஷயத்தில் எந்த நிறுவனத்தின் விதி கடுமையோ அதுதான் முழுப் பயணத்துக்கும் அளவுகோல். ரென்ஃபேயின் மலிவு வண்டியான ஆவ்லோவிலும் விகோவிலும் அடிப்படைக் கட்டணத்தில் ஒரு கைப்பையும் 55×35×25 செ.மீ. அளவுள்ள ஒரு சிறு பெட்டியும்தான் சேரும். பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். ஒரு வண்டியில் இலவசமாக வந்த பெட்டிக்கு அடுத்த வண்டியில் நிலையத்தில் வைத்துப் பணம் கேட்டால் அதிகமாகவே கேட்பார்கள், வலைத்தளத்திலேயே கட்டிவிடுங்கள்.

தனித்தனி டிக்கெட்டில் ஆபத்தும் உண்டு. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நடுவில் நான்கைந்து மணி நேரம் வைத்திருப்பதே இதற்கு நல்ல காப்பு. அதற்கு மேல், இரண்டாவது டிக்கெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய வகையில் எடுத்தால் மனநிம்மதி. முதலாவது மலிவானதாகவே இருக்கட்டும். அன்றைய கடைசி வண்டியை ஒருபோதும் இரண்டாவது வண்டியாக வைக்காதீர்கள். அதற்குப் பின் இன்னும் ஒன்றாவது இருக்க வேண்டும்.

அவாந்த் என்ற பெயரைக் கவனியுங்கள். கோர்தோபா–செவியா, மாட்ரிட்–செகோவியா–வயதோலித் போன்ற குறுந்தூரங்களில் ஓடும் ரென்ஃபேயின் அதிவேக வண்டி அது. ஆவே என்ற ரென்ஃபேயின் நெடுந்தூர அதிவேக வண்டிகளின் விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அவாந்த்தின் விலை பெரும்பாலும் நிலையானது. கோர்தோபாவிலிருந்து செவியாவுக்கு முக்கால் மணி நேரம்தான். கடைசி நேரத்தில் எடுத்தாலும் விலை உயராது என்பதால் இரண்டாவது பயணத்துக்கு மிகவும் ஏற்றது. ஆனால் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் இதில்தான் போகிறார்கள். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் இருக்கை தீர்ந்துவிடும், நின்றுகொண்டு போக முடியாது. ஆகவே நாலு நாள் முன்பே எடுத்துவிடுங்கள்.

பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரென்ஃபேயின் ஸ்பெயின் பாஸ், பயணங்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுவது. நடுவில் இறங்கினால் இரண்டு பயணம் கழியும். இன்டர்ரெயில், யூரெயில் பாஸ்கள் நாள் கணக்கில் ஓடுபவை. நடுவில் இறங்கினால் கூடுதலாக ஓர் இருக்கை முன்பதிவுக் கட்டணம் மட்டுமே. அந்த முன்பதிவு கட்டாயம். இர்யோவிலும் விகோவிலும் இந்தப் பாஸ்கள் செல்லாது.

எந்த ஊர்?

வரைபடத்தில் ஊர் வழியில் இருப்பது போதாது, பாதையும் வழியில் இருக்க வேண்டும். டொலேடோ இதற்கு நல்ல உதாரணம். மாட்ரிட்டுக்குத் தெற்கே, செவியா போகும் திசையில் இருப்பதுபோலத்தான் தெரியும். உண்மையில் அது ஒரு கிளைப் பாதையின் முடிவு. மாட்ரிட்டிலிருந்து 35 நிமிடத்தில் போகலாம், ஆனால் செவியா போக மறுபடி மாட்ரிட்டுக்கே வர வேண்டும். டொலேடோ ஒரு முழு நாள் கேட்கும் ஊர், இடைநிறுத்தமாக்க வேண்டாம்.

இரண்டாவது பொறி, ஊரின் பெயரைத் தாங்கி ஊருக்கு வெளியே நிற்கும் நிலையங்கள். அதிவேகப் பாதை நேராக ஓட வேண்டும் என்பதால் பல இடங்களில் நிலையம் வயல்வெளியில் அமைந்துவிட்டது. கம்ப் தெ தர்ரகோனா நிலையத்திலிருந்து தர்ரகோனா நகரம் 10 கி.மீ.க்கு மேல். அந்தெகேரா சாந்தா அனா நிலையம் அந்தெகேராவிலிருந்து ஏறக்குறைய 17 கி.மீ. தள்ளி இருக்கிறது. புர்கோஸ், குவென்கா, செகோவியா நிலையங்களும் நகர மையத்திலிருந்து ஐந்தாறு கி.மீ. தூரத்தில். செகோவியாவுக்கும் குவென்காவுக்கும் நல்ல பேருந்து இணைப்பு உண்டு, சமாளிக்கலாம். தர்ரகோனாவுக்கு நகருக்குள்ளேயே நிற்கும் பழைய பாதை ரயிலில் போவதுதான் அறிவு.

மூன்றாவது, அந்த வண்டி அங்கே நிற்கிறதா? மாட்ரிட்–பார்சிலோனா வண்டிகளில் சில சரகோசாவில் நிற்காமலே போய்விடும். குவென்காவில் நிற்பவை இன்னும் குறைவு. கால அட்டவணையை ஊர்வாரியாகத் தேடிப் பாருங்கள். நேரடி வண்டியின் அட்டவணையை வைத்து ஊகிக்காதீர்கள்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் முதலிடம் கோர்தோபாவுக்குத்தான். மாட்ரிட்டிலிருந்து செவியா, மலகா, காதிஸ் போகும் பாதைகள் அங்கே கூடிப் பிரிகின்றன. கிரனாதா போகும் வண்டிகளும் அந்த வழிதான். வண்டிகள் நிறைய, நிலையம் ஊருக்குள், பார்க்க வேண்டிய இடமோ உலகில் வேறெங்கும் இல்லாதது.

கோர்தோபாவில் ஐந்து மணி நேரம்

மாட்ரிட்டிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். காலை ஒன்பதரைக்குள் வந்து சேரும் வண்டியையும், 14.30-ஐ ஒட்டிப் புறப்படும் வண்டியையும் தேடுங்கள்.

நிலையத்திலிருந்து மெஸ்கீத்தா எனப்படும் அந்தப் பெரும் பள்ளிவாசலுக்குச் சுமார் இரண்டு கி.மீ., நடந்தால் 25 முதல் 30 நிமிடம். போகும்போது நடந்தே போவது நல்லது, வழியே பாதி சுகம். பஸேயோ தெ லா விக்தோரியா என்ற நீண்ட பூங்காச் சாலையில் தெற்கே நடந்தால், இடப்புறம் பழைய மதிலும் அல்மோதோவர் வாசலும் வரும். அந்த வாசலுக்குள் நுழைந்தால் யூதர் குடியிருப்பின் வெள்ளைச் சந்துகள். 1315-இல் கட்டப்பட்ட சிறிய யூதத் தொழுகைக்கூடம் அங்கேதான் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், திங்கட்கிழமை மூடியிருக்கும். அங்கிருந்து மெஸ்கீத்தா சில நிமிட நடை.

மெஸ்கீத்தாவுக்கு ஞாயிறு தவிர்த்த நாட்களில் காலை 8.30 முதல் 9.30 வரை இலவசம். இதைப் படித்துவிட்டு விடியற்காலை வண்டி பிடித்து ஓடி வருபவர்கள் உண்டு. மாட்ரிட்டிலிருந்து வந்து, பெட்டியை வைத்து, நடந்து சேரும்போது அந்த நேரம் ஏறக்குறைய முடிந்திருக்கும், 9.30-க்கு முன்பே காவலர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் கோர்தோபாவில் இரவு தங்கியவர்களுக்கானது. இடைநிறுத்தத்தில் வருபவர்கள் 10 மணிக்கோ 10.30-க்கோ கட்டண நுழைவை வலைத்தளத்தில் எடுத்து வைத்துக்கொள்வதே மேல். பள்ளிவாசல் இன்று கத்தோலிக்கப் பேராலயம் என்பதால் ஞாயிறு காலை திருப்பலி நடக்கும், நடுப்பகல் மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. ஞாயிறு என்றால் மதியம் வந்து மாலையில் கிளம்பும்படி திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள்.

உள்ளே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கட்டுமானம் 780-களில் முதலாம் அப்துர் ரஹ்மான் காலத்தில் தொடங்கியது; பின்வந்தவர்கள் இருநூறு ஆண்டுகளில் மும்முறை விரிவாக்கினார்கள். தூண்கள் 850-க்கும் மேல். முதல் பகுதியின் தூண்கள் ரோமானிய, விசிகோதிய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. அவை உயரம் போதாமல் இருந்ததால்தான் ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவை ஏற்றிக் கூரையை உயர்த்தினார்கள். நுழைந்ததும் நடுவிலுள்ள தேவாலயத்துக்கு ஓடாமல், இந்த முதல் பகுதியில் பத்து நிமிடம் நின்று தூணின் தலைப்பகுதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பிறகு தெற்குச் சுவரிலுள்ள மிஹ்ராப் என்ற தொழுகை மாடத்தின் பொன் மொசைக். அதற்கடுத்து, 1523-இல் தூண் காட்டின் நடுவே எழுப்பத் தொடங்கிய தேவாலயம். மணிக்கோபுரம் ஏறத் தனி டிக்கெட், குறித்த நேரத்தில்தான் ஏற விடுவார்கள்; நேரம் கச்சிதமாகப் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்துக்குக் கட்டணம் இல்லை.

வெளியே வந்தால் ரோமானியப் பாலம் எதிரே. பாலத்தின் மறுகரை வரை போய்த் திரும்பிப் பார்க்கும் காட்சிதான் கோர்தோபாவின் முகம். போய்வர 20 நிமிடம். அதற்குப் பிறகு சாப்பாடு, திரும்பும் வழி. மதிய வெயிலில் அந்த இரண்டு கி.மீ.யை மறுபடி நடக்க வேண்டாம், டாக்சியோ பேருந்தோ எடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

மதீனா அஸஹரா இடிபாடுகளையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். ஊருக்கு மேற்கே எட்டு கி.மீ.; போய்ப் பார்த்துத் திரும்ப மூன்று மணி நேரமாவது ஆகும். மெஸ்கீத்தாவை அவசரமாகப் பார்த்துவிட்டு அங்கே ஓடுவது இரண்டையும் கெடுக்கும்.

மே மாத முதல் பாதியில் முற்றத் திருவிழா நடக்கும். வீட்டு முற்றங்களை மலர்த்தொட்டிகளால் நிறைத்து ஊருக்கே திறந்து வைப்பார்கள். அழகுதான், ஆனால் ரயிலும் பாதுகாப்பறையும் டாக்சியும் ஒருசேர நிரம்பும். அந்த நாட்களில் எல்லாக் கணக்கிலும் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

சரகோசா, செகோவியா, குவென்கா

மாட்ரிட்–பார்சிலோனா வழியில் சரகோசா ஏறக்குறைய நடுவில் இருக்கிறது, இரு பக்கமும் சுமார் ஒன்றரை மணி நேரம். தெலிசியாஸ் நிலையம் மையத்துக்கு மேற்கே மூன்று கி.மீ. முதலில் 20 நிமிடம் நடந்து அல்ஹஃபெரியா அரண்மனைக்குப் போங்கள். 11-ஆம் நூற்றாண்டின் இஸ்லாமிய அரண்மனை அது. இன்று அரகோன் மாநில சட்டமன்றம் அதற்குள் இயங்குகிறது. கூட்டம் நடக்கும் நாட்களில் பார்வை நேரம் சுருங்கும் என்பதால் முன்பே பாருங்கள். அங்கிருந்து இன்னும் 20–25 நிமிட நடையில் எப்ரோ ஆற்றங்கரையில் பிலார் பேராலயம். கட்டணம் இல்லை, நடுப்பகலிலும் மூடுவதில்லை. மதிய நேர இடைநிறுத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. உள்ளே கோயா தீட்டிய கூரை ஓவியங்கள் உண்டு. 1936-இல் விழுந்து வெடிக்காமல் போன இரண்டு குண்டுகளைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். திரும்ப 34 அல்லது 51 எண் பேருந்து, இல்லையென்றால் டாக்சி. குளிர்காலத்தில் சியெர்சோ என்ற வடமேற்குக் காற்று முகத்தை அறுக்கும்; மேலங்கியைப் பெட்டியில் பூட்டிவிட்டு வராதீர்கள். அக்டோபர் 12-ஐ ஒட்டிய வாரம் பிலார் திருவிழா, ரயில்கள் நிறைந்திருக்கும்.

செகோவியா, மாட்ரிட்டிலிருந்து வயதோலித், லெயோன் பக்கம் போகிறவர்களுக்கு. மாட்ரிட்டின் சமர்தீன் நிலையத்திலிருந்து அரை மணிக்குள் வந்துவிடும். அதிவேக நிலையத்தின் பெயர் செகோவியா-கியோமர். வெளியே 11-ஆம் எண் பேருந்தில் ஏறினால் 20 நிமிடத்தில் ரோமானிய நீர்ப்பாலத்தின் அடியிலேயே இறங்கலாம். சுமார் 28 மீட்டர் உயரம். கருங்கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கியே நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து பிரதான சதுக்கம், பேராலயம், அல்காசர் கோட்டை என்று 25 நிமிட நேர்கோட்டு நடை. ஊர் இதைவிட எளிதாக அமையாது. திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கிய உடனே நிறுத்தத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது உடனே வராது.

குவென்கா, வலென்சியா வழியில். பெர்னாந்தோ சோபெல் நிலையத்திலிருந்து 1-ஆம் எண் பேருந்து மலைமேல் உள்ள பழைய நகரச் சதுக்கம் வரை ஏறும். பாறை விளிம்பில் தொங்கும் வீடுகளும், எதிரே பள்ளத்தாக்கின் மேல் இரும்புப் பாலமும் பார்க்க வேண்டியவை. தொங்கும் வீடுகளுக்குள் இருக்கும் நவீன ஓவிய அருங்காட்சியகத்தை 1966-இல் நிறுவியவர் அதே சோபெல்தான். நிற்கும் வண்டிகள் குறைவு என்பதால், இங்கே இரண்டாவது வண்டியின் நேரத்தை முதலில் முடிவு செய்து, பிறகு முதல் வண்டியைத் தேடுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது

நிலையப் பாதுகாப்பறைக்கு ஸ்பானிய மொழியில் கொன்சிக்னா என்று பெயர். சாவியும் பெட்டியும் வரைந்த பலகையைப் பார்த்தால் அதுதான். பெரிய நிலையங்களில் தானியங்கிப் பூட்டறைகளாக இருக்கும், உள்ளே வைக்கும் முன் எக்ஸ்ரேயில் பெட்டியைச் சோதிப்பார்கள். அளவைப் பொறுத்துச் சில யூரோ. கவனிக்க வேண்டியது, அது 24 மணி நேரமும் திறந்திருப்பதில்லை என்பது. இரவு பத்து மணி வண்டிக்குக் காத்திருக்கும்போது பெட்டி உள்ளே பூட்டியிருந்தால் வேறு வழியே இல்லை. மூடும் நேரத்தைப் பார்த்துவிட்டே பெட்டியை வையுங்கள்.

எல்லா நிலையங்களிலும் இந்த வசதி கிடையாது. சிறிய நிலையமாக இருந்தால், நிலையங்களை நிர்வகிக்கும் அதிஃப் நிறுவனத்தின் வலைத்தளத்தில் அந்த நிலையப் பக்கத்தைப் பாருங்கள். இல்லையென்றால் ஊருக்குள் தனியார் பெட்டிக் காப்பகங்கள் இருக்கும். அவற்றில் பல, கடைகளே. மதியம் 2 முதல் 5 வரை மூடக்கூடும் என்பதை மறக்காதீர்கள்.

பூட்டறைச் சீட்டில்தான் திறக்கும் எண் இருக்கும். வாங்கிய உடனே சீட்டையும் அறை எண்ணையும் கைபேசியில் படம் எடுங்கள். கடவுச்சீட்டு, பணம், மருந்து, கைபேசி மின்கலம், மேலங்கி ஆகியவை உங்களோடு வரட்டும். பெட்டியை இழுத்துக்கொண்டே ஊர் சுற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம். உருளைக்கல் பாவிய சந்துகளில் சக்கரம் போய்விடும், அருங்காட்சியகங்களும் பெரிய பெட்டியை உள்ளே விடுவதில்லை.

மாட்ரிட்டில் நிலையம் மாறும்போது

மாட்ரிட்டுக்கு இரண்டு பெரிய நிலையங்கள். தெற்கே அதோச்சா, வடக்கே சமர்தீன். செவியா, பார்சிலோனா வண்டிகள் அதோச்சாவிலிருந்து. செகோவியா, லெயோன், கலீசியா வண்டிகள் சமர்தீனிலிருந்து. 2022 முதல் வலென்சியா, அலிகாந்தே வண்டிகள் பலவும் சமர்தீனுக்கு மாறிவிட்டன. பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல் டிக்கெட்டில் அச்சிட்ட நிலையத்தின் பெயரைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே செர்கனியாஸ் புறநகர் ரயிலில் கால் மணி நேரம். ரென்ஃபேயின் ஆவே, நெடுந்தூர டிக்கெட்டுகளில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். அதைப் புறநகர் டிக்கெட் இயந்திரத்தில் அடித்தால் இலவசச் சீட்டு கிடைக்கும். வந்து சேர்ந்த 4 மணி நேரத்துக்குள்ளோ, புறப்படுவதற்கு முந்தைய 4 மணி நேரத்திலோ செல்லும். பலரும் இதைத் தெரியாமல் பணம் கொடுக்கிறார்கள்.

நிலையம் மாறுகிறது என்றால் பெட்டியை எப்போதும் புறப்படும் நிலையத்தில் வையுங்கள். அதோச்சாவில் வந்து இறங்கி அங்கேயே வைத்துவிட்டால், கடைசி நேரத்தில் நகரின் குறுக்கே இரண்டு முறை ஓட வேண்டி வரும். நேராகச் சமர்தீன் போய்ப் பெட்டியை வைத்துவிட்டு, அதே புறநகர் ரயிலில் சோல் சதுக்கத்துக்கு வந்தால், பிளாசா மயோரும் அரச மாளிகையின் முகப்பும் நடக்கும் தூரம்.

வருவதும் புறப்படுவதும் அதோச்சாதான் என்றால் அதிர்ஷ்டம். ரெய்னா சோபியா அருங்காட்சியகம் ஐந்து நிமிட நடை, பிராதோ கால் மணி நேரம், ரெதீரோ பூங்காவும் பக்கத்தில். ரெய்னா சோபியாவிலுள்ள பிக்காசோவின் கெர்னிக்கா ஓவியத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் மூன்று மணி நேர இடைவெளியே போதும். ரெய்னா சோபியா செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், மற்ற பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. பிராதோ திங்களும் திறந்திருக்கும். திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை இலவசம், ஆனால் வரிசை நீளம். இடைநிறுத்தத்தில் இருப்பவர் அந்த வரிசையில் நிற்பது நஷ்டம்.

மதிய நேரம்

கடைகளும் சிறிய தேவாலயங்களும் 2 முதல் 5 வரை மூடிக் கிடக்கும். உணவகங்களில் மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்குத்தான் தொடங்கும். நாலு மணிக்குச் சமையலறை மூடினால் எட்டு மணி வரை திறக்காது. பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து முழுச் சாப்பாடு கேட்டால் கிடைக்காது. வேலை நாட்களில் கிடைக்கும் மெனு தெல் தீயா, இரண்டு சுற்று உணவும் ரொட்டியும் பானமும் இனிப்பும் சேர்ந்தது. விலைக்கு நிறைவானது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஐந்து மணி நேர இடைவெளியில் மதுக்கடை முகப்பில் நின்றபடி ஒரு துண்டு உருளைக்கிழங்கு-முட்டைத் தோர்த்தியா சாப்பிடுவதே கச்சிதம். கோர்தோபாவில் சல்மோரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழ் வெயிலுக்கு அமிர்தம். அதன்மேல் பன்றி இறைச்சித் துணுக்கும் முட்டையும் தூவுவார்கள். இறைச்சி வேண்டாம் என்றால் “சின் ஹமோன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோடையில் சூரியன் ஒன்பது மணிக்கு மேல்தான் மறையும். அதனால் மாலை ஐந்துக்கு வந்து ஒன்பதரைக்குக் கிளம்புவதும் நல்ல திட்டமே: வெயில் தணிந்திருக்கும், தெருக்களில் ஆள் நடமாட்டம் திரும்பியிருக்கும். ஆனால் மூடும் நேரங்கள் நெருக்கும். அந்த மாலையை அருங்காட்சியகத்துக்கு அல்லாமல் தெருக்களுக்கும் ஆற்றங்கரைக்கும் கொடுங்கள்.

இறங்குவதும் மறுபடி ஏறுவதும்

இடைநிலையங்களில் வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும். வந்துசேரும் நேரத்துக்கு எட்டு நிமிடம் முன்பே எழுந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு கதவருகே நில்லுங்கள். உங்கள் பெட்டி ஏறும்போது வைத்த அலமாரியில் அடியில் போயிருக்கும். மற்றவர்களுடையதை நகர்த்தி எடுக்க நேரம் பிடிக்கும். தூங்கிவிட்டால் அடுத்த நிறுத்தம் நூறு கி.மீ. தள்ளி இருக்கும்.

திரும்பி ஏறும்போது, புறப்பாட்டுப் பலகையில் 24 மணி நேரக் கணக்கில் நேரமும், வண்டி எண்ணும், வீயா என்ற தலைப்பின் கீழ் நடைமேடை எண்ணும் வரும். நடைமேடை பெரும்பாலும் கடைசி இருபது நிமிடத்தில்தான் தெரியும். வண்டி எண்ணை வைத்துத் தேடுங்கள். பலகையில் கடைசி ஊரின் பெயர்தான் இருக்கும், நீங்கள் இறங்கும் ஊரின் பெயர் இருக்காது. செவியா போகிறவர் ஏறவேண்டிய வண்டி காதிஸ் என்று காட்டலாம்.

பாதுகாப்புச் சோதனையில் பெட்டி எக்ஸ்ரேக்குள் போக வேண்டும். விமான நிலையம்போல் திரவக் கட்டுப்பாடு இல்லை, தண்ணீர் கொண்டுபோகலாம். கத்தி கூடாது, அது டொலேடோவில் வாங்கிய நினைவுப் பரிசாக இருந்தாலும். புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பே நடைமேடை வாசல் மூடப்படும், வண்டி கண்ணெதிரே நின்றாலும் விட மாட்டார்கள்.

சில வண்டிகள் இரண்டு தொடர்களைக் கோத்தவை. ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு உள்ளே நடந்து போக வழி இல்லை, சில வேளை இரண்டு பாதியும் நடுவழியில் பிரிந்து வேறு வேறு ஊர்களுக்குப் போகும். கோச்சே என்று அச்சிட்ட ரயில்பெட்டி எண்ணைப் பார்த்து, அந்தப் பாதியிலேயே ஏறுங்கள்.

வேலைநிறுத்த நாட்களில் குறைந்தபட்ச சேவை என்ற பெயரில் ஒரு பகுதி வண்டிகள் மட்டும் ஓடும். எவை ஓடும் என்ற பட்டியல் முன்கூட்டியே வெளியாகும். அந்தப் பட்டியலில் உங்கள் இரண்டாவது வண்டி இல்லையென்றால், முதல் வண்டியில் ஏறும் முன்பே திட்டத்தை மாற்றிவிடுங்கள். ரத்தான வண்டிக்குப் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது அதே நாளில் வேறு வண்டிக்கு மாற்றித் தருவார்கள். மாற்றும்போது மாட்ரிட்–செவியா நேரடி வண்டியையும் கேட்டுப் பாருங்கள். அன்றைக்குக் கோர்தோபாவை விடுவது, இரவில் அங்கே சிக்கிக்கொள்வதைவிட மேல்.